தண்ணீருக்குச் சொன்ன சாட்சி

அஞ்சலம் துரை வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் மேடேறி வந்த காலையில் நண்டுமேட்டில் யாரும் கூவவில்லை, யாரும் ஓடவில்லை, ஏனென்றால் அந்த ஊரில் அதுவரை யாரும் தண்ணீர் வருவதைப் பார்த்ததில்லை, வருகிற தண்ணீர் எப்படி வரும் என்பதும் தெரியாது, ஆகவே அது சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி, மேய்ச்சல் முடிந்த மாட்டு மந்தை கரையேறுவதுபோல நிதானமாக ஏறி வந்தபோது, தண்ணீர் என்றால் இப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு குடங்களை எடுத்துவந்து கரையில் நின்றார்கள்.

அது நடக்கக்கூடாத காரியம் என்று தெரிந்த ஒரே ஆள் துரைதான்.

அவருடைய பெயர் அன்செல்ம் ருவியேர். காரைக்கால் பக்கத்து வாயில் அது அஞ்சலமாகிவிட்டது. பிரான்சின் தெற்கே, படகுகளை மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறக்கிவிடும் ஒரு வாய்க்கால் மதகுக்குக் காவல் இருந்தவரின் மகன் அவர். தொட்டிலில் கிடந்தபோதே மதகுக் கதவில் தண்ணீர் கசிகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர். பன்னிரண்டு வயதில் அப்பா அவர் கையில் ஒரு பித்தளை ரசமட்டத்தைக் கொடுத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி, அது நடுவில் வந்து நின்றால் மட்டம், நகர்ந்தால் மேடு பள்ளம். உலகத்தில் அந்தக் குமிழி ஒன்றுதான் யாருக்காகவும் பேச்சு மாறாது என்று அந்தப் பையன் அன்றைக்கு முடிவுசெய்தான், பெரியவனாகிப் படித்து எஞ்சினியரானபோதும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. சதுப்பு நிலத்தில் ஆறு வருஷம், பாலைவன மணலில் ஒன்பது வருஷம், பிறகு பெயர் தெரியாத நதிகளின் ஓரத்தில் பல வருஷம் என்று இருபத்தெட்டு வருஷம் வாய்க்கால் வெட்டினார், ஒரு எண்ணையும் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. பாலைவனத்துக் காய்ச்சலில் மனைவியைப் புதைத்த அன்றும் பிற்பகல் அளவை எழுதினார், அதை நினைத்துப் பிறகு வெகுகாலம் வெட்கப்பட்டார், ஆனால் அந்த அளவு சரியாகத்தான் இருந்தது.

காரைக்காலுக்கு வந்து இறங்கும்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது. அரசலாற்றிலிருந்து பிரிந்து கடலோரமாகப் போகும் ஒரு பாசன வாய்க்கால் வெட்டவேண்டும் என்பது உத்தரவு. அந்த வாய்க்காலின் கடைசி ஊர் நண்டுமேடு. கடலுக்குப் பக்கத்தில் மணல் திரண்டு உயர்ந்த திடல் அது, அறுபது வீடு, மானாவாரியாகக் கொஞ்சம் கேழ்வரகு, குடிக்க மணலைத் தோண்டினால் ஊறுகிற உவர்நீர். குளம் கிடையாது. குளம் இல்லாததால் அந்த ஊருக்கு இன்னொரு குறையும் இருந்தது. அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்துகளில் சாட்சி சொல்கிறவர்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று சொல்லவேண்டும், அப்படிச் சொன்னால்தான் செல்லும். அடுத்த ஊர்க்காரர்கள் தங்கள் குளத்தில் நண்டுமேட்டாரை இறங்க விடமாட்டார்கள். ஆகவே எல்லைத் தகராறானாலும் மாடு களவு போனாலும் நண்டுமேட்டார் சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் கண்ணால் பார்த்த எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை.

வாய்க்காலை வெட்டியவர்கள் தொப்பளான் மேஸ்திரியும் அவனுடைய ஆட்களும். துரை தமிழ் கற்றுக்கொண்டதே அவர்களிடம்தான் என்பதால் அவர் பேசினால் வெள்ளைக்காரர் பேசுவதுபோல இருக்காது, மண்வெட்டுகிறவன் பேசுவதுபோல இருக்கும், புதுச்சேரிப் பெரிய மனிதர்கள் அதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். மண் வெட்டும்போது வாய்க்காலின் நடுவே அங்கங்கே ஒரு திட்டை வெட்டாமல் விட்டுவைப்பது வழக்கம். அதற்குச் சாட்சித் திட்டு என்று பெயர். பழைய தரை இவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அது நின்று சொல்லும், அதன் தலையிலிருந்து அடிவரை கோல் பிடித்து அளந்தால் எத்தனை அடி வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், அளந்து முடித்த பிறகு அதையும் வெட்டித் தள்ளிவிடுவார்கள். நண்டுமேட்டுச் சரிவில் தரை உயர்ந்துகொண்டே போவதால் அங்கே ஏழடி வெட்டவேண்டும் என்று துரை கணக்குப் போட்டிருந்தார். ஏழு திட்டுகள் விட்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் அவரே அளந்தார். ஏழும் ஏழடி காட்டின. அதோடு பங்குனி வெயிலில் அவர் காய்ச்சலில் விழுந்தார், எழுந்தபோது ஆனி பிறந்துவிட்டது, ஆற்றில் புதுத் தண்ணீர் வந்துவிட்டது, ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைமடையில் யாரோ கதவைத் தூக்கிவிட்டார்கள். சாட்சித் திட்டுகள் தலையில் புல்லோடு வாய்க்கால் நடுவில் அப்படியே நின்றன.

தண்ணீர் ஏறி வந்ததைப் பார்த்த துரை, கூட்டம் கலைந்த பிறகு ரசமட்டத்தை முக்காலியில் வைத்துக் கோலை நட்டுப் பார்த்தார். வாய்க்காலின் அடித்தரை இருக்கவேண்டிய மட்டத்துக்கு இரண்டடி மேலே இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இடத்தை மாற்றிப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது, தண்ணீர் அதன் கண்ணெதிரே மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது, இரண்டில் ஒன்று பொய்யாக இருக்கவேண்டும், இரண்டுமே பொய்யாக இல்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோயிலுக்குள் நுழைந்தபோதுகூட அவர் அப்படி நின்றதில்லை.

மறுநாள் தொப்பளான் தானாக வந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“அஞ்சடிக்குக் கீழ கிளிஞ்சலும் களியும் இறுகிக் கெடந்துச்சு தொரை. மம்பட்டி வாயி மடங்கிப் போச்சு. வாந்திபேதியில மூணு பேரு செத்துப் போனான். மிச்சம் இருக்கவனும் செத்துப்போவான்னு பட்டுச்சு.”

“அதனால?”

“திட்டு மேல இருந்த புல்லைப் பத்தையா பேத்து எடுத்து, ரெண்டடி மண்ணைப் போட்டு, அந்தப் புல்லையே திரும்ப வெச்சுத் தண்ணி தெளிச்சுப்புட்டோம். ஒங்க கோலு அதத்தான் அளந்துச்சு.”

அப்படியானால் தண்ணீர் எப்படி ஏறியது என்று துரை கேட்டார், அதைக் கோபத்தோடு கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவேண்டும் என்கிற பசியோடு கேட்டார். தொப்பளானுக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் காத்தாயி. நண்டுமேட்டில் ஊற்றுக்குழி தோண்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை, நாற்பது வயது, வாய் துடுக்கு. கரையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்.

“சாட்சி ஏழு பேரு தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு ஏழடி பள்ளம் பள்ளம்னு சொல்லுது. தண்ணி நம்பிருச்சு. நீங்களே நம்புனீங்க, தண்ணி நம்பாதா?”

அந்த விளக்கம் ஊருக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு யாரும் காரணத்தைத் தேடவில்லை, ஆகவேண்டிய காரியத்தைப் பார்த்தார்கள். சரிவில் மேலே போகிற பக்கம் தண்ணீர் தானே தள்ளிக்கொண்டு போவதால், காரைக்காலிலிருந்து உப்புக்கண்டமும் மூங்கிலும் கொண்டுவருகிற படகுகளுக்கு வரும்போது கூலியில்லாத பயணமும் திரும்பும்போது துடுப்பு வலிக்கிற வேலையும் என்று ஆயிற்று. கீழ்க்கரையில் குளித்தால் சோப்புநுரை மேல்கரைக்குப் போகிறது என்பதால் ஆண்கள் துறையும் பெண்கள் துறையும் இடம் மாறின. எருமைகளுக்கு முதலில் குழப்பமாக இருந்தது, இரண்டு மாதத்தில் பழகிவிட்டன. வாத்துக்காரர் ஒருவர் மட்டும் தன் வாத்துகள் இந்தத் தண்ணீரில் நீந்தினால் தலைசுற்றி முட்டை வைக்க மறந்துபோகின்றன என்று குறைசொன்னார், அவர் எப்போதும் ஏதாவது குறை சொல்கிறவர். தலைமடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் நண்டுமேட்டில் உயரத்தில் இருப்பதால் இனி நண்டுமேடுதான் தலைமடையா, அப்படியானால் முதல் மரியாதை யாருக்கு என்று பஞ்சாயத்துக் கூட்டினார்கள், பேசிப் பேசிச் சலித்து முடிவில்லாமல் கலைந்துபோனார்கள். கார்த்திகையில் நண்டுமேட்டில் முதன்முதலாக நெற்கதிர் தலை சாய்ந்தது. அதைப் பார்த்துப் பெண்கள் அந்த வருஷம் பிறந்த மூன்று பிள்ளைகளையும் தூக்கிவந்து கதிரைத் தொடவைத்தார்கள்.

துரைக்கு மட்டும் நிம்மதி இல்லை. அவர் தினமும் காலையில் அந்தச் சரிவுக்குப் போய் உட்கார்ந்தார். தண்ணீர் திட்டுகளைச் சுற்றி ஒரு கணம் தயங்குவதையும், பிறகு ஏதோ கேட்டுத் தெளிந்ததுபோல மேலே ஏறுவதையும் பார்த்தார். அவருக்கு அழுகை வரும். இவ்வளவு பெரிய காரியம் தன் கையால் நடந்தது என்று சந்தோஷப்படுவதா, தன் கணக்கை மீறி நடந்தது என்று வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷமாக நான் தண்ணீரை அறிந்தவன் என்று நினைத்திருந்தேனே, அது எனக்குக் கீழ்ப்படிந்ததா, இல்லை, என்மேல் இரக்கப்பட்டு இத்தனை நாள் என் கணக்குப்படி நடந்துகொண்டதா என்று கேட்டுக்கொள்வார். கேள்வி பெரிதாகிக்கொண்டே போயிற்று. ஒரு மனிதன் அற்புதத்தின் பக்கத்தில் குடியிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்தது.

அந்தக் கஷ்டத்தில்தான் அவர் அந்தத் தவறைச் செய்தார். தை முடிந்து வாய்க்கால் வற்றியதும் சாட்சித் திட்டுகளை வெட்டித் தள்ளச் சொன்னார். விதிப்படி அது எப்போதோ செய்திருக்கவேண்டிய வேலை, அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னார். தன்னிடம் மட்டும் வேறு சொன்னார்: தெரிந்துகொள்ளவேண்டும். காத்தாயி வந்து கேட்டுப் பார்த்தாள், வேண்டாம் தொரை, நம்பிக்கிட்டிருக்கறதைக் கெடுக்காதீங்க என்றாள். மண் சொல்வதைத் தண்ணீர் கேட்காது என்று அவர் பதில் சொன்னார், சொல்லும்போதே தன் குரல் தனக்குப் பிடிக்கவில்லை. தொப்பளான் ஆட்களோடு வந்து ஏழு திட்டுகளையும் வெட்டினான். ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் புல் பத்தையைப் பெயர்த்துக் கரையில் ஓரமாக வைத்தான், ஏன் அப்படி வைத்தான் என்று அவனுக்கே தெரியாது.

அடுத்த ஆனியில் தண்ணீர் வந்தது. சரிவின் அடிவரை வந்து, முன்னங்கால் மடக்கிய பசுவைப்போலப் படுத்துவிட்டது.

ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு வாரம் ஆயிற்று. போன வருஷத்து விளைச்சலை நம்பி நண்டுமேட்டார் ஊர் முழுக்க நாற்றுவிட்டிருந்தார்கள், கேழ்வரகுக்கு விதைகூட மிச்சம் வைக்கவில்லை. பெண்கள் சரிவின் அடியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள், நாற்றங்கால் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அந்தச் சமயம் பார்த்துப் புதுச்சேரியிலிருந்து கடுதாசி வந்தது: மேலதிகாரி முசே வல்தேன் ஆடி முதல் வாரத்தில் நேரில் வருவார், கடைசி ஊர்வரை தண்ணீர் போகாத வாய்க்காலுக்கு ஆற்றில் பங்கு கிடையாது, போகவில்லையென்றால் சரிவுக்கு முன்பே குறுக்கே கட்டி அடைத்துத் தண்ணீரைத் தலைமடை ஊர்களுக்குத் திருப்பிவிடவேண்டும். மறுபடி வெட்ட நேரமில்லை, கிளிஞ்சல் பாறைக்கு மழை பிறந்தால்தான் மண்வெட்டி இறங்கும்.

துரை நண்டுமேட்டுக்குப் போய்ச் செய்ததைச் சொன்னார். என்மேல் கோபப்படுங்கள் என்றார். அவர்கள் கோபப்படவில்லை, அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. காத்தாயி மட்டும் கேட்டாள்.

“தெரிஞ்சுக்கணும்னீங்களே. தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“என்னா தெரிஞ்சுது?”

“அதுக்குச் சாட்சி வேணும்.”

அதிகாரி வருகிற காலையில் வெயில் ஏறுவதற்குள் துரை சரிவின் அடிக்கு வந்தார். சட்டைக் காலரிலிருந்து பூட்ஸ்வரை உத்தியோக உடுப்பு. ரசமட்டத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கரையில் வைத்து அதன்மேல் தொப்பியைக் கவிழ்த்தார், குமிழியின் கண்ணில் படவேண்டாம் என்று. பிறகு வாய்க்காலுக்குள் இறங்கினார். தண்ணீர் தொடையளவுதான் இருந்தது. அவர் நடுவில் போய், போன வருஷம் முதல் திட்டு நின்ற இடத்தில் நின்று, ஐம்பத்தாறு வயதுக் கால்களை மெல்ல மடக்கினார். முழங்கால் எலும்பு சடசடத்தது கரையில் நின்றவர்களுக்குக் கேட்டது. குத்துக்காலிட்டு உட்கார்ந்தபோது தண்ணீர் அவர் கழுத்துக்கு வந்தது.

“ஏழடி இருக்கு,” என்றார் தண்ணீரிடம். “நான் அளந்தேன்.”

அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய். அதை மண்வெட்டுகிறவனின் தமிழில் சொன்னார், தண்ணீருக்குப் புரியவேண்டும் என்று.

ஒன்றும் நடக்கவில்லை. தொப்பளான் தலைத்துண்டை அவிழ்த்துக் கரையில் போட்டான். “ஒத்தச் சாட்சி செல்லாது தொரை, நம்மூருப் பஞ்சாயத்தை இன்னும் படிக்கலியே நீங்க,” என்று சொல்லிக்கொண்டே இறங்கி இரண்டாவது திட்டு நின்ற இடத்தில் உட்கார்ந்தான். காத்தாயி புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். உட்காரும்போது, வெள்ளைக்காரருக்குக் குந்தத் தெரியவில்லை, கொக்கு முட்டை வைக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னதில் கரையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கினார்கள். அறுபது வீட்டு ஜனமும் சரிவு நெடுக வாய்க்காலுக்குள் இறங்கி, தண்ணீர் இருந்த இடத்தில் தண்ணீரிலும், அதற்கு மேலே ஈரமில்லாத வெறுங்கட்டாந்தரையிலும், கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசையாகக் குந்தினார்கள். இடுப்பில் பிள்ளை வைத்திருந்தவர்கள் பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார்கள், ஆழத்தில் நிற்கிறவர்கள் அப்படித்தானே செய்வார்கள். எந்தக் குளத்திலும் இறங்க விடப்படாத ஊர், பிறந்ததிலிருந்து ஒரு தடவையும் சாட்சி சொல்லியிராத ஊர், ஒரே குரலில் சொல்லிற்று.

“ஏழடி இருக்கு. நாங்க பாத்தோம்.”

தண்ணீர் அசைந்தது. முதலில் துரையின் மோவாயைத் தொட்டு ஒரு கணம் நின்றது. அவர் கண்ணை மூடவில்லை, அது தன்னை உற்றுப் பார்ப்பதுபோல அவருக்கு இருந்தது, தன் சொல்லை எடைபோடுவதுபோல, பிறகு, பொய் என்று தெரிந்தும் சொல்கிறவர்களின் முகத்துக்காக ஏற்றுக்கொள்வதுபோல. அது அவரைத் தாண்டித் தொப்பளானிடம் போயிற்று, காத்தாயியிடம் போயிற்று, கட்டாந்தரையில் குந்தியிருந்த ஒவ்வொருவர் காலையும் நனைத்து, தொடையை நனைத்து, கழுத்துவரை வந்து, அடுத்தவரைக் கேட்கப் போயிற்று. பெண்கள் அழுதார்கள். தண்ணீர் அவர்களைக் கேட்டுக் கேட்டு மேலே ஏறியது.

முசே வல்தேன், ஆட்கள் பின்னாலிருந்து தள்ளிவந்த புஷ்வண்டியில் வந்து கரையில் இறங்கியபோது, ஒரு ஊரே கழுத்தளவு தண்ணீரில் நிற்பதைப் பார்த்தார். நடுவில் தன் இலாகாவின் எஞ்சினியர் முழு உடுப்போடு நிற்பதாகத் தெரிந்தது. இது என்ன என்று கேட்டார். பாசனத் திருநாள் என்றார் துரை. ஆழம் எவ்வளவு என்று கேட்டார். ஏழடி என்றார். அளந்து பார்க்க இறங்கினால் பூட்ஸ் நனையும் என்பதால் முசே வல்தேன் கழுத்துகளைப் பார்த்துக் குறிப்பேட்டில் போதுமான ஆழம் என்று எழுதிக்கொண்டார், மனிதர்கள் இங்கே கொஞ்சம் குள்ளம் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு. வண்டி கண்ணுக்கு மறைகிறவரை யாரும் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு துரை எங்கும் போகவில்லை. பெரிய நதிகளுக்கு அழைப்பு வந்தது, பதவி உயர்வு வந்தது, வாய்க்காலுக்கு என்மேல் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது, இன்னும் சில வருஷம் நான் இங்கே இருக்கவேண்டும் என்று எழுதி அனுப்பினார், அங்கே படித்தவர்கள் வெயில் தலைக்கேறிவிட்டது என்று முடிவுசெய்தார்கள். வருஷா வருஷம் ஆனியில் முதல் தண்ணீர் வரும் நாளில் நண்டுமேட்டார் வாய்க்காலுக்குள் குந்தினார்கள், முதல் இடம் துரைக்கு. கிளிஞ்சல் பாறையை வெட்டிவிடலாமே என்று ஒரு தடவை அவரே கேட்டார். தொப்பளான் காத்தாயியைப் பார்த்தான். வெட்டலாம் என்றாள் அவள், வெட்டினால் அது வெறும் வாய்க்கால் ஆகிவிடும் என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சு எழவில்லை. இப்போது அடுத்த ஊர்ப் பஞ்சாயத்துகளில் சாட்சி சொல்ல ஆட்கள் நண்டுமேட்டு வாய்க்காலுக்கு வர ஆரம்பித்திருந்தார்கள்.

பதினாறு வருஷம் குந்தியதில் துரையின் முழங்காலில் வாதம் இறங்கிவிட்டது. அவர் செத்தபோது கால்கள் மடங்கியே இருந்தன, நிமிர்த்த முடியவில்லை. தச்சர் நீளம் குறைத்து, உயரம் கூட்டி ஒரு பெட்டி செய்தார். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட வேறு யாரையும் விடாமல் தொப்பளான் தானே வந்தான். அவனுக்கும் வயதாகிவிட்டது, அடிக்கொரு தடவை நின்று மூச்சு வாங்கினான். அஞ்சடியில் கிளிஞ்சல் தட்டியது. பாதிரியார் எட்டிப் பார்த்து, இவ்வளவு போதும் மேஸ்திரி, ஏறி வா என்றார். தொப்பளான் கேட்காததுபோல மண்வெட்டியை ஓங்கினான். இரண்டு மண்வெட்டி மடங்கியது, மூன்றாவதை வாங்கிக்கொண்டான். வெயில் சாய்கிற நேரத்தில் குழிக்குள்ளிருந்து கை நீட்டினான், காத்தாயி கைகொடுத்து மேலே ஏற்றினாள்.

குழியின் ஒரு ஓரத்தில், தலையில் புல்லோடு ஒரு திட்டு வெட்டப்படாமல் நின்றது.

“இது எதுக்கு விட்டுவெச்சிருக்கே?” என்றார் பாதிரியார்.

தொப்பளான் அளவுகோலை அவர் கையில் கொடுத்தான்.

“அளந்துக்குங்க சாமி. ஏழடி. அந்த ரெண்டடி தொரைக்குப் பாக்கி இருந்துச்சு. மேல ஒரு பிடி மண்ணு நான் வெக்கல.”